திங்கட்கிழமைச் சீட்டு

என் அம்மா மங்கம்மாவுக்கு,

உன் பெயரை முதல் வரியிலேயே முழுதாக எழுதிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குப் போகப் போகத் தெரியும்.

பள்ளி ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். "தாயின் பெருமையைப் பற்றி எழுது வள்ளி, உனக்கு நன்றாக வரும்" என்றார் தமிழ் டீச்சர். எழுத உட்கார்ந்தேன். பெருமை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தைக் கட்டுரையாக எழுதினால் மதிப்பெண் போடமாட்டார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். கடிதத்துக்கு யார் மதிப்பெண் போட முடியும்?

முதலில் ஊர்ச் சேதி. போன வாரம் உன் தெவசம் முடிந்தது. நைனா ரேணிகுண்டா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அவருடைய அக்கா குப்பம்மா அத்தை படையலில் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தெருக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "அவ தெவசத்துக்கு அவ துன்றத வெக்காம, நீங்க துன்றதயா வெப்பாங்க?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டாள்.

எல்லைத் தகராறும் முடிந்துவிட்டது அம்மா. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நீ பிறந்த வீடு இப்போது வேறு ராஜ்யம். பஸ் அதே பஸ்தான், புளிய மரங்களும் அதே மரங்கள்தான். நடுவில் ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே கட்டி, ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்திருக்கிறார்கள். மாமா அந்தப் பக்கத்து மனுஷன் ஆகிவிட்டார். தெவசத்துக்கு வந்தபோது, "வெளி ராஜ்யத்துலேருந்து வந்துக்கீறேன், நல்லா கவனிங்க" என்று சிரித்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவர் எழுதிய மனுவுக்கு நீ கைநாட்டு வைத்தது நினைவிருக்கிறதா? அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தத் திங்கட்கிழமை.

உனக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அத்தைதான். நீ யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் பெண்களிடம் மட்டும் சொல்லும் நோய் அது. அதையும் முழுதாகச் சொல்லமாட்டார்கள், துணி துவைக்கிற இடத்தில் ஒருத்தி பார்த்து ஒருத்தி புரிந்துகொள்வாள். அத்தை அப்படித்தான் புரிந்துகொண்டாள். "டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவலாம், வா" என்றாள். அன்றைக்கு வியாழக்கிழமை சாயங்காலம்.

"நாளிக்கு வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழமயில வைத்தியம் ஆரம்பிச்சா நோவு வீட்டவிட்டுப் போவாது" என்றாய் நீ.

செவ்வாய்க்கிழமையும் கூடாது, வெள்ளிக்கிழமையும் கூடாது. இது நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடன் வாங்காதது போல, தலைமயிர் வெட்டிக்கொள்ளாதது போல, முதல் மருந்தும் அந்த இரண்டு கிழமைகளில் குடிக்கக்கூடாது. நானும் தலையாட்டினேன். மூன்று பேரும் திங்கட்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்தோம். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துப் போனோம் அம்மா. அதுதான் நம்மைக் கவிழ்த்தது.

ஆஸ்பத்திரியில் பெண்கள் பக்கத்துக்கு இரண்டு டாக்டர்கள் என்பதோ, திங்களும் வியாழனும் பெரிய டாக்டர், செவ்வாயும் வெள்ளியும் லேடி டாக்டர் என்பதோ நமக்குத் தெரியாது. இரண்டு அறைகளும் அடுத்தடுத்து இருந்தன, நடுவில் ஒரு சுவர். பெரிய டாக்டரின் நோயாளிக்கு வெள்ளைச் சீட்டு, லேடி டாக்டரின் நோயாளிக்கு மஞ்சள் சீட்டு. முதல் நாள் எந்தச் சீட்டு கொடுத்தார்களோ கடைசி வரைக்கும் அதுதான். கிழமை பார்த்து வந்தவளுக்குக் கிழமையே டாக்டரைத் தீர்மானித்துவிடுகிறது என்று யார் நினைத்தார்கள்? உனக்கு வெள்ளைச் சீட்டு கிடைத்தது. "வெள்ள வெளேர்னு நல்லாக்கீது" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய்.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும். தலை நரைத்தவர், யாரிடமும் சத்தம் போடாதவர். ஒரு நாள் வரிசையில் உனக்கு மயக்கம் வந்தபோது தன் பிளாஸ்கில் இருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தார். ஆனால் அவருடைய மேஜையைச் சுற்றி எப்போதும் கூட்டம். ஒரு பக்கம் கம்பவுண்டர், ஒரு பக்கம் பியூன், உனக்குப் பின்னால் அடுத்த நோயாளியும் அவள் புருஷனும்.

"ஏமம்மா, ஏமி பாத?" என்று, என்ன உபத்திரவம் என்பதைத் தெலுங்கில் அவர் கேட்டார்.

உனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். சந்தையில் உன்னைப்போலத் தெலுங்கில் பேரம் பேச நம் தெருவில் ஆள் இல்லை. மொழி ஒரு தடையே இல்லை. நீ ஒரு தடவை சுற்றிப் பார்த்தாய். பின்னால் நின்ற அந்தப் புருஷனைப் பார்த்தாய். "கடுப்பு நொப்பி" என்றாய். வயிற்று வலி.

அவர் வயிற்று வலிக்கு எழுதினார். சிவப்பு மருந்து ஒரு பாட்டில். அடுத்த தடவையும் நீ வயிற்று வலி என்றாய், அவரும் சிவப்பு மருந்து கொடுத்தார். மாங்காய்க் காலம் போய் மழைக்காலம் வந்தும் உன் வலிக்கு அதே பெயர்தான். நீ சொன்னதற்கு அவர் சரியான மருந்துதான் கொடுத்தார். ஆனால் நீ அவரிடம் சொல்லவே முடியாததற்கு யார் மருந்து கொடுப்பது? எங்கள் குடிமைப் பாடப் புத்தகத்தில், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஏழை பணக்காரர் வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் சமமான வைத்தியம் என்று போட்டிருக்கிறது. ஒருவருடைய வாய் யாரிடம் திறக்கும் என்பது அவரவருக்குத்தான் தெரியும் என்று அதில் போடவில்லை.

பக்கத்து அறையின் சங்கதியை நமக்குச் சொன்னது வரிசையில் இருந்த பெண்கள். அங்கே ஒரு துணி மறைப்பு இருக்கிறதாம். லேடி டாக்டர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பாராம். செவ்வாய் வெள்ளியில் கூட்டமும் இல்லையாம். நம்மைப்போல நல்ல நாள் பார்க்கிற ஊரில், ஆகாத நாளில் உட்கார்ந்திருக்கிறவரிடம் யார் வருவார்கள்? அதனாலேயே அவருக்கு ஒவ்வொருத்தியிடமும் பேச நேரம் இருந்தது.

அத்தை ஒரு வெள்ளிக்கிழமை உன்னை இழுத்துக்கொண்டு போனாள். நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தேன். சீட்டுக் கொடுப்பவர் உன் வெள்ளைச் சீட்டைப் பார்த்தார்.

"இது சோமவாரம் சீட்டு. இன்னிக்கு இன்னாத்துக்கு வந்தே?"

"எங்களுக்கு அந்தம்மாவப் பாக்கணும் சாமி. மஞ்ச சீட்டு ஒண்ணு குடு" என்றாள் அத்தை.

"பழைய பேஷண்டுக்கு மஞ்ச சீட்டு எப்படிம்மா குடுக்கறது? மொதல்ல பாத்த டாக்டரேதான் பாக்கணும். ரூல்."

"நடுவுல ஒரு செவுருதானே சாமி கீது?"

"செவுரு ஒண்ணா இருந்தா இன்னா, ரூலு ரூலுதானே? மாத்த உட்டா எல்லாப் பொம்பளயும் இந்தப் பக்கம் வந்துடுவா. அப்பால பெரிய டாக்டரு ஈ ஓட்டிக்கினு கெடக்கணுமா?"

நான் நடுவில் புகுந்தேன். "எல்லாரும் ஒருத்தர்கிட்ட போறாங்கன்னா, அவங்கள மாதிரி இன்னும் ஒருத்தர் வேணும்னு தானே சார் அர்த்தம்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தப் பாரம் படிக்கிறே?"

"நாலாவது பாரம் சார், ஹைஸ்கூல்."

"பாஸ் பண்ணி, கலெக்டரா வந்து, ரூல மாத்து. இப்ப நவுரு."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாய். அந்த மனிதரும் பொய் சொல்லவில்லை அம்மா. ஒரு நோயாளிக்கு ஒரே டாக்டர் பொறுப்பு என்பது நல்லதற்காகப் போட்ட விதிதான். ஆனால் காசு இருப்பவன் தனக்குப் பிடித்த டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவனுக்கு அந்த விதி நல்லது செய்ய வேண்டாமாம். நமக்கு மட்டும் ஏன் செய்கிறது?

அந்த மாதத்தில்தான் மாமா மனுவோடு வந்தார். எல்லையை விசாரிக்க அதிகாரிகள் வருகிறார்கள், எங்களை மெட்ராஸோடு சேர்த்துவிடுங்கள் என்று ஊரே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். பெண்களிடமும் வாங்கினார். நீ மை தொட்டு வைத்துவிட்டு, கட்டை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாய்.

"ஏண்ணா, ராஜ்ஜியத்தயே மாத்திக்கலாமா?"

"கேட்டா மாத்துவாங்கம்மா. ஜனங்க விருப்பம்தான் முக்கியம்."

"ராஜ்ஜியத்த மாத்திக்கலாம், ரூம மாத்திக்க முடியாது. நல்லாக்கீதுண்ணா உங்க சர்க்காரு."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அத்தைக்கும் புரிந்தது. அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தைதான் அந்த யோசனையையும் சொன்னாள். வேறு பெயர் சொன்னால் புதுச் சீட்டு கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற பெண்கள் பல பேர் அப்படித்தான் அறை மாறுகிறார்கள் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். நீ ஒப்புக்கொள்ளவில்லை. பொய் சொல்வது பாவம் என்று நீ நினைக்கவில்லை. உன் பயமே வேறு.

"பேர மாத்திச் சொல்லி வாங்கற மருந்து, அந்தப் பேர்க்காரிக்குத்தான் பிடிக்கும். எனக்கு எப்பிடிப் பிடிக்கும்?"

நான் புத்தகத்தில் படித்ததையெல்லாம் சொன்னேன். மருந்துக்குப் பெயர் தெரியாது, ரத்தத்தில்தான் கலக்கும் என்றேன். "உம் பொஸ்தகத்துக்கு உடம்பு கீதா?" என்று கேட்டுவிட்டு நீ களையெடுக்கப் போய்விட்டாய்.

தை மாதத்தில் ஒரு நாள் அந்தக் களையெடுத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். உன்னை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். புடவையைப் பார்த்த அத்தை வெந்நீர் போட்டாள். உன் முகம் கூரை வேய்ந்த பழைய பனையோலை மாதிரி இருந்தது. நீ சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "எந்தக் கெழமயானாலும் சரி, எந்தப் பேரானாலும் சரி. என்ன இட்டுக்கினு போங்க."

"எம்பேர வெச்சிக்கோ. இத்தினி வயசுக்கு ஒரு தலவலி எனக்கு வந்ததில்ல. நல்ல பேரு அது" என்றாள் அத்தை.

"மருந்து உனக்குப் பிடிச்சிட்டா?"

"எனக்குப் பிடிச்சது போவ மிச்சம் உனக்குப் பிடிக்கட்டும். நட."

வெள்ளிக்கிழமை போனோம். சீட்டுக் கொடுப்பவர் தலை நிமிரவில்லை. "பேரு?" என்றார். நீ வாயைத் திறந்தாய், வார்த்தை வரவில்லை. அத்தை உன் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். "குப்பம்மா" என்றாய். மஞ்சள் சீட்டு வந்தது. எத்தனை சுலபம்! உனக்கு வேண்டிய டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் நீ நீயாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி.

துணி மறைப்புக்குப் பின்னால் நானும் இருந்தேன். நீதான் என் கையை விடவில்லை. லேடி டாக்டர் மஞ்சள் சீட்டைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். மற்ற நாட்களில் வார்டைச் சுற்றிவரும்போது அவர் நம்மை வராந்தாவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். சீட்டை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பேரு பொய்யா இருந்தா இருக்கட்டும்மா. நோவை மட்டும் நெஜமா சொல்லு."

நீ அழுதாய் அம்மா. அதுவரை நீ அழுது நான் பார்த்ததில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாய். எப்போது ஆரம்பித்தது, எப்படி வலிக்கும், ராத்திரியில் நீ எதற்காகக் கிணற்றடிக்குப் போவாய் என்பதெல்லாம். என்னை வெளியே போகச் சொல்ல மறந்துவிட்டீர்கள் இரண்டு பேரும். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உன்னைப் பரிசோதித்தார். பிறகு கேட்டார்.

"இவ்வளவு நாள் எங்கேம்மா இருந்தே?"

"பக்கத்து ரூம்லதாம்மா இருந்தேன்" என்றாய்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மெட்ராஸுக்கு அனுப்பலாம், ஆனால் அதற்கும் காலம் கடந்துவிட்டது என்று அத்தையை வெளியே அழைத்துச் சொன்னார். வார்டில் படுக்க வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். நான் அவரிடம் ஒன்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எத்தனை பெண்கள் பொய்ப் பெயரில் உங்களிடம் வருகிறார்கள் என்று தெரிந்தும், நீங்கள் ஏன் மேலே யாருக்கும் சொல்லவில்லை? அவரும் சொல்லிப் பார்த்து, "ரூல்" என்ற பதில் வந்ததோ என்னவோ. நல்லவர்கள் எல்லோரும் அந்த ஆஸ்பத்திரியில் சும்மா இருந்தார்கள். அதில்தான் எனக்குக் கசப்பு.

வார்டில் நீ குப்பம்மா. நர்ஸ் "குப்பம்மா!" என்று கூப்பிட்டால் நீ திரும்பமாட்டாய். அடுத்த கட்டிலில் இருந்தவள் உனக்குக் காது கேட்காது என்றே நினைத்துக்கொண்டாள். அத்தை பார்க்க வந்தால் அவளை என்னவென்று கூப்பிடுவது? அந்த வம்பில் நீயே விளையாடத் தொடங்கினாய்.

"இன்னா மங்கம்மா, நல்லாக்கீறியா? வூட்ல எம் புருஷனுக்கு ஒழுங்கா ஆக்கிப் போடறியா?"

"அவன் எனக்குத் தம்பிடி. நாக்க அறுத்துடுவேன்" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

"உம் பேர்ல இங்க தெனம் பாலு குடுக்கறாங்கோ குப்பம்மா. உனக்கு ஊர்ல வயிறு ரொம்புதா?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்தால் உனக்கு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாய். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ போனது ஒரு மத்தியானம். பார்வையாளர் நேரம். நானும் அத்தையும் கட்டில் பக்கத்தில் இருந்தோம். நைனாவுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தோம், அவர் ரேணிகுண்டாவிலிருந்து கிடைத்த ரயிலில் வந்துகொண்டிருந்தார். நர்ஸ் வந்து உன் கண்களை மூடிவிட்டு, சீட்டைப் பார்த்துக் கேட்டார்: "குப்பம்மா மனுஷங்க யாரும்மா?"

தன் பெயரைக் கேட்டு அத்தை எழுந்து நின்றாள். "நான்தாம்மா" என்றாள்.

"நீ அவளுக்கு இன்னா ஆவணும்?"

அத்தை யோசித்தாள். தனக்குத் தானே என்ன உறவு என்று ஒருத்தி எப்படிச் சொல்வாள்? கடைசியில் "நாத்தனா" என்றாள்.

அப்போதுதான் நைனா வந்தார். வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தார். வார்டு வாசலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "மங்கா..." என்று ஆரம்பித்தார். அத்தை பாய்ந்துபோய்த் தன் புடவைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி அவர் வாயில் அடைத்தாள்.

"பேரச் சொல்லாதடா. சொன்னா பொணத்தக் குடுக்கமாட்டானுங்கோ. போலீசு கீலீசுன்னு போயிடும்."

நைனா அந்தத் துணியைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் உனக்கு எழுதப்போவதில்லை. நானும் அழுதேன். "அம்மா" என்று அழ எனக்கு அனுமதி இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. குப்பம்மாவுக்கு மகள் இல்லையே, அவள் பிள்ளை பெறாதவள் ஆயிற்றே. ஒரு மனுஷி செத்தால் பெயர் சொல்லி அழுவார்கள். நம் பக்கத்தில் அது மட்டும்தான் ஏழைக்குச் செலவில்லாமல் கிடைக்கிற மரியாதை. உனக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

உன்னை ஏற்றிய வண்டி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டையும் தாண்டியது. அத்தை நைனாவின் தோளை உலுக்கினாள். "இப்ப கூப்புடுடா. இங்க யாரும் இல்ல. வாய் உட்டுக் கூப்புடு" என்றாள். நைனா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. ஊர் வந்து சேரும் வரைக்கும் வரவில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியாது, அதனால் எழுதினேன். இனி இன்றைய சேதி.

அத்தைக்கு ஒரு மாதமாக இருமல். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். தலைவலியே அறியாதவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். "செத்துப் போனவளுக்கு எவன் சீட்டு குடுப்பான்?" என்கிறாள். "முன்ன வந்துக்கீறியான்னு கேப்பான். நான் வர்ல சாமி, எம்பேரு மட்டும் வந்துச்சு, திரும்பிப் போவலன்னு சொல்லட்டா?" சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். சிரிப்பு இருமலாகிவிடுகிறது.

மாமா தெவசத்துக்கு வந்தபோது அவரிடம் கேட்டேன். நோயாளிகள் தமக்கு வேண்டிய டாக்டரிடம் போக அனுமதிக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதித் தாருங்கள், நான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறேன் என்றேன். "இதெல்லாம் சர்க்காருக்கு எழுதற சமாச்சாரமா கண்ணு?" என்றார். அவர் எழுதிய அத்தனை மனுவிலும் உன் கட்டை விரல் இருக்கிறது. உனக்காக ஒரு மனுவில் அவர் விரல் இல்லை. பரவாயில்லை, நானே எழுதுவேன்.

நேற்று அத்தையிடம் கேட்டேன்: "அத்த, உனக்கு யாரப் பாக்கணும்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. லேடி டாக்டர் என்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"அந்தக் காப்பி குடுத்தாரே, பெரிய டாக்டரு. அவருதான்."

எனக்குக் கோபம் வந்தது. "அவரா? அம்மாவ..."

"அவரு இன்னாடி பண்ணாரு? இருமறதுக்கு எனக்கு இன்னா வெக்கம், ஊரே கேக்க இருமறேன். அந்தம்மா நல்லவங்கதான். ஆனா அந்தத் துணி மறப்பப் பாத்தா எனக்கு உங்கம்மா நெனப்பு வந்துடும். வாயே தொறக்காது."

இத்தனை நாள் கசந்து கசந்து எனக்கே தெரியாமல் நானும் ஒரு சீட்டுக் கொடுப்பவளாக ஆகிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. யார் நல்ல டாக்டர் என்று அவளுக்காக நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அவளுடைய வாய் யாரிடம் திறக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

பிறகு அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் வெள்ளைச் சீட்டை எடுத்தாள். ஓரம் பழுப்பேறியிருக்கிறது. "இதுல போயிடலாமா? பெரிய டாக்டரு சீட்டுதானே? எம்பேர்ல அவ செத்தா, அவ பேர்ல நான் பொழைக்கிறேன். சரிக்குச் சரி."

சீட்டை அவள் கையிலிருந்து வாங்கி, திரும்பவும் பெட்டியில் வைத்து மூடினேன். வேண்டாம் அம்மா. இந்த வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியாகப் போய்ப் படுத்தது போதும்.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை பஸ்ஸில் அத்தையை அழைத்துப் போகிறேன். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். "பேரு?" என்று அவர் கேட்கும்போது "குப்பம்மா" என்று சொல்லுவேன். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும், இவளுக்கு அவர்தான் வேண்டும் என்றும் சொல்லுவேன். முன்னே வந்திருக்கிறாளா என்று கேட்டு, பழைய கணக்கைப் புரட்டி, குப்பம்மா செத்துப்போய்விட்டாளே என்று அவர் நிமிர்ந்தால், நான் நகரமாட்டேன். செத்தது மங்கம்மா என்று சொல்லுவேன். வரிசை முழுக்கக் கேட்கும்படி, வார்டு வரைக்கும் கேட்கும்படி, நைனாவுக்கு வராத குரலையும் சேர்த்து உன் பெயரைச் சொல்லுவேன். போலீஸ் வந்தால் வரட்டும். அந்தச் சுவர்களுக்குள் ஒரு தடவையாவது உன் பெயர் ஒலிக்கட்டும்.

உன் வயிற்றில் பிறந்தவள்,
மங்கம்மாவின் மகள்
வள்ளி